மண் சரிந்த மடக்குகள்

எங்கள் முதியோர் இல்லத்துக்கு ஒரே ஒரு கேட். அதற்கு ஒரே ஒரு பூட்டு. சாவி என் இடுப்பில், அரைஞாண் கயிற்றில் கிடக்கும். சட்டைப் பையில் வைத்தால் குனிந்து ஒருவரைத் தூக்கும்போது விழுந்துவிடுகிறது. கழுத்தில் மாட்டினால் குளிப்பாட்டும்போது பிடித்து இழுக்கிறார்கள். அதனால் இடுப்பு. மூன்று வருஷத்தில் சாவி படுகிற இடத்தில் தோல் காய்த்துப் போய்விட்டது.

களமருதூர்ப் பக்கம் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவன் நான். பத்தாவது வரை படித்தேன். முதுகு போன பிறகு கட்டு தூக்க முடியவில்லை. கள்ளக்குறிச்சியில், தியாகதுருகம் ரோட்டில் இருக்கும் இந்த இல்லத்தில் ஆண்கள் பக்கத்துக்கு ஆள் வேண்டும் என்றார்கள். தங்கிச் செய்கிற வேலை. ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு லீவு. முன்பின் தெரியாதவர் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு எப்போதும் வராது. கல்யாணம் ஆகாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்கிற வேலையில் பேச்சுக்கு என்ன இடம் என்று நினைத்து வந்தேன்.

வந்த பிறகுதான் தெரிந்தது, இந்த வேலையில் பாதி பேச்சுதான். விடியற்காலையில் வெந்நீர் வைத்துப் பதினொரு பேரைக் குளிப்பாட்டுவேன். துணி மாற்றுவேன். எழ முடியாதவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்க வைப்பேன், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். புண்ணுக்குக் கட்டு மாற்றுவேன், சனிக்கிழமை சவரம் செய்வேன். இதெல்லாம் கை செய்துவிடும். வாய் செய்ய வேண்டியது வேறு. "எம்மவன் எப்ப வருவான்?" என்று ஒருவர் கேட்பார். "ஞாயித்துக்கெழம" என்று சொல்ல வேண்டும். ஞாயிறு போய்விட்டால் அடுத்த ஞாயிறு. நிர்வாகி சார் இதற்குச் 'சமாளிக்கிறது' என்று பெயர் வைத்திருந்தார். சமாளிக்கத் தெரியாதவர் இந்த வேலையில் நிற்க முடியாது.

அந்தப் பெரியவரை ஐப்பசி மழையில் கொண்டுவந்து விட்டார் அவருடைய மகன். வெள்ளிமலைக்குப் பக்கத்து ஊர். சர்க்கரை வியாதி, காலில் ஆறாத புண். "நாலு நாளு கட்டு மாத்திட்டு இட்டுகினு போறேம்பா" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, ஆபீஸ் அறைக்குள் போய், இங்கேயே இருக்கட்டும் என்று கையெழுத்துப் போட்டார். சேர்த்தவர் கையெழுத்து இல்லாமல் யாரையும் வெளியே அனுப்பக் கூடாது என்பது இல்லத்து விதி. மகனுக்குக் கேரளாவில் மிளகுத் தோட்டத்தில் வேலை. கிளம்பும்போது, "பாத்துக்கங்கண்ணா" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை, செருப்பைப் பார்த்துத்தான் சொன்னார். அவரைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். நானும் அப்படித்தான் பேசுகிறவன்.

முதல் நாள் குளிப்பாட்டும்போது, "கண்ண மூடிக்க தாத்தா, சோப்பு" என்றேன். இல்லத்தில் எல்லாரும் தாத்தாதான்.

"இன்னாது, தாத்தாவா? உன் தலையே பாதி நரச்சிகினு கெடக்குது. அண்ணேன்னு கூப்டு" என்றார்.

அண்ணன் இல்லாத எனக்கு அப்படி ஒரு அண்ணன் கிடைத்தார்.

ஐந்தாம் நாள் காலை, குளித்து முடித்ததும் வேட்டியில் ஒரு மூட்டை கட்டிக்கொண்டு நொண்டி நொண்டி கேட்டுக்கு வந்தார். "தொறப்பா. பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கையிலிருந்த டம்ளரால் கேட்டுக் கம்பியில் அடிக்க ஆரம்பித்தார். மதியம் வரைக்கும் அடித்தார். ஆபீசிலிருந்து எட்டிப் பார்த்த சார், "நாளையிலேர்ந்து மாத்திரை குடுத்துடுப்பா" என்றார். அது தூங்க வைக்கிற மாத்திரை. அதைப் போட்டவர்கள் பகலெல்லாம் வாயைத் திறந்தபடி கிடப்பார்கள். அப்படிக் கிடந்தவர்களில் எத்தனை பேரை நான் புரட்டிப் படுக்க வைத்திருக்கிறேன்.

மறுநாள் பால் ஊற்ற வந்தவர், மலை ரோட்டில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது என்று சொன்னார். நல்ல மழை. மூட்டையோடு வந்து நின்ற பெரியவரிடம் அதைச் சொன்னேன்.

"எந்த மடக்கு?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "மேல" என்றேன்.

"மேலன்னா? கூழு கொட்டன மடக்கா, மேஸ்திரி வுழுந்த மடக்கா?"

வாயில் வந்ததைச் சொன்னேன். "மேஸ்திரி வுழுந்த மடக்கு."

"அதான பாத்தேன். அங்க மண்ணு நிக்கவே நிக்காது. பத்து ஆளு எறங்கனாலும் மூணு நாளு ஆவும்" என்று சொல்லிவிட்டுப் போய்த் தன் கட்டிலில் உட்கார்ந்தார். சாப்பிட்டார். கட்டு மாற்றக் காலை நீட்டினார். அன்றைக்கு மாத்திரை தேவைப்படவில்லை.

வாலிபத்தில் அந்த மலை ரோடு போட்ட கூலிகளில் அவரும் ஒருவர். பஸ் திரும்புகிற ஒவ்வொரு வளைவுக்கும் அந்த ஆட்கள் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். கூழ்ப் பானை உருண்டு ஆள் எல்லாம் பட்டினி கிடந்த இடம் கூழு கொட்டன மடக்கு. மேஸ்திரி வழுக்கி விழுந்து, சிரித்த ஆளுக்கெல்லாம் வேலை போன இடம் மேஸ்திரி வுழுந்த மடக்கு. கட்டு மாற்றும்போது ஒவ்வொன்றாகச் சொல்லுவார். நான் பஞ்சை வைத்துக்கொண்டு கேட்பேன். கேட்டது எனக்கு வேறு ஒன்றுக்கு உதவியது.

மூன்று நாள் கழித்து மறுபடி மூட்டையோடு வந்தார். ரோடு திறந்தாயிற்று என்று பால்காரர் சொல்லியிருந்தார். நான், "இப்ப கூழு கொட்டன மடக்குண்ணே" என்றேன்.

"அங்கியுமா? சரி, அங்க ரெண்டு நாளு."

இப்படித்தான் தொடங்கியது. அவர் எத்தனை நாள் சொல்கிறாரோ அத்தனை நாள் அமைதி. அது முடிந்த காலையில் நான் அடுத்த மடக்கை இடிக்க வேண்டும். எதை எப்போது இடித்தேன் என்பது மறந்துபோகாமல் இருக்கப் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்து வைத்தேன். எங்கள் கேட்டுக்கு முன்னால் மலை பஸ் எதுவும் போகாது. அதனால் பொய் நின்றது.

சமையல் செய்கிற அக்கா ஒருவர் உண்டு. பெண்கள் பக்கத்தையும் அவர்தான் பார்த்துக்கொள்வார். மார்கழி தாண்டியதும் அவர் என்னை விடவில்லை. "யோவ், மழ நின்னு எத்தினி நாளாவுது? நீ இடிச்ச இடிக்கு மலையே கரைஞ்சி கடலாண்ட போயிருக்கும்யா இந்நேரம்" என்பார். நான் சோற்றைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவேன்.

ஒருநாள் தப்பு செய்துவிட்டேன். "கடுக்கா மரத்து மடக்குல மண்ணு சரிஞ்சிட்டுதுண்ணே."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அங்க ஏது மண்ணு? முச்சூடும் பாறையாச்சே. நான்தான வெடிக்குக் குழி போட்டேன்."

எனக்குக் காது சுட்டது. கட்டை அவிழ்த்து மறுபடி சுற்றினேன். அவரே சொன்னார்: "பாறை உருண்டிருக்கும். அப்ப ஒரு வாரம் ஆவும்." என் பொய்யில் ஓட்டை விழுந்த இடத்தை அவர்தான் அடைத்தார். அதற்குப் பிறகு அவர் முன்னால் போய் நிற்கவே எனக்குச் சிரமமாக இருந்தது. கேட்டை விட்டு எங்கேயாவது போய்விட்டால் தேவலை போல இருக்கும். ஆனால் போகிறவன் சாவியை இன்னொருவரிடம் கொடுக்க வேண்டும், அதை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. எனக்கு முன்னால் இருந்தவர் சொல்லாமல் ஓடிப் போனவர்.

அவர் மலைக்குப் போகத் துடித்தது காட்டுக்காகவோ வீட்டுக்காகவோ இல்லை. அவர் மனைவிக்காக. "அவளுக்குக் கண்ணு தெரியாது. கொழந்த பொறந்தப்ப வந்த காய்ச்சல்ல போச்சு. இப்ப பொண்ணு வூட்ல கீறா. நாலு நாளுன்னு சொல்லிட்டு வந்தேன். எண்ணிகினு இருப்பா" என்பார். இது உண்மையா என்று எனக்குத் தெரியவில்லை. செத்துப்போன மனைவிக்குத் தன் சோற்றில் பங்கு எடுத்து வைக்கிறவர்கள் எங்களிடம் உண்டு. சாரிடம் கேட்டதற்கு, "வயசானவங்க அப்படித்தான் சொல்லுவாங்க. நீ சமாளி" என்றார்.

மாசி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, பெரியவர் வேறு ஒரு யோசனையோடு வந்தார். "ஞாயித்துக்கெழம உனக்கு லீவுதான? நீ போயேன். பஸ்ஸு இந்தாண்டயே நிக்கும். எறங்கி, சரிஞ்ச எடத்த நடந்து தாண்டிடு. அந்தாண்ட ஜீப்பு நிக்கும். எனக்குத்தான் காலு ஆவாது. உனக்கு இன்னா? அவளாண்ட போயி, ரோடு இல்ல, அதான் வரலன்னு சொல்லிட்டு வா."

லீவு என்றால் களமருதூரில் தங்கச்சி வீட்டுக்குப் போவேன். நான் படுத்திருந்த அறையில் இப்போது ஆடு கட்டுகிறார்கள். முடியாது என்று எனக்குச் சொல்லத் தெரிந்திருந்தால் எத்தனையோ இடத்தில் சொல்லியிருப்பேன். "சரிண்ணே" என்றேன். அந்த அம்மாள் இருக்கிறாரா, இல்லையா என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பதும் உள்ளே இருந்தது. இல்லை என்றால் என் பொய் அவ்வளவு பெரிய பாவம் இல்லை என்று தோன்றியது.

ஞாயிறு காலை கிளம்பும்போது ஒரு பிரட் கவரைக் கொடுத்தார். உள்ளே பிஸ்கட். தினமும் சாயங்கால டீக்குத் தருகிற இரண்டில் ஒன்றைத் தின்றுவிட்டு ஒன்றைச் சேர்த்து வைத்திருக்கிறார். பாதி நமுத்துப்போய் எறும்பு ஏறியிருந்தது. கேட்டு வரை கூடவே வந்து, எந்த மடக்கில் இறங்கி எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே நின்றார். லீவு நாளில் சாவியை அவிழ்த்துச் சமையலறை ஆணியில் மாட்டிவிட்டுப் போவது வழக்கம். அக்கா வந்து கேட்டைப் பூட்டுவார். அன்றைக்கு நான் வெளியே வந்ததும் அவரும் ஒரு காலை எடுத்து வைத்தார். பயந்துபோய்க் கேட்டைச் சாத்தி, கம்பிக்குள் கையை விட்டுப் பூட்டை அமுக்கிவிட்டேன். அமுக்கினால் பூட்டிக்கொள்கிற பூட்டு. பஸ் பிடிக்கிற அவசரத்தில் வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை.

மலை ரோட்டில் பஸ் ஏற ஏற நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். நான் இடித்த ஒவ்வொரு மடக்கும் நன்றாக இருந்தது. ஓரச் சுவருக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். ஒரு சுவர் மேல் குரங்குக் குட்டி ஒன்று தாய்க்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தது. பாறையைக் குடைந்த ஒரு வளைவில் பெரிய கடுக்காய் மரம் நின்றது. பஸ்ஸில் யாருக்கும் என்னைத் தெரியாது. ஆனாலும் தலையைக் குனிந்துகொண்டேன்.

வெள்ளிமலையில் இறங்கினேன். அந்த ஊர் வரை போகிற பஸ் பன்னிரண்டுக்குத்தான் என்றார்கள். ஜீப்பில் ஆள் நிறைய ஒரு மணி நேரம் காத்திருந்து, அந்த ஊருக்குப் போனேன். மகள் வேலைக்குப் போயிருந்தார். அந்த அம்மாள் இருந்தார். ஓட்டு வீட்டுக்கு வெளியே சாக்கை விரித்து, கல்லால் கடுக்காயைத் தட்டிக் கொட்டையைத் தனியாக எடுத்துக்கொண்டிருந்தார். கண் தெரியாதவர் என்று பார்த்தால் சொல்ல முடியாது. ஒரு அடி கூட விரலில் படவில்லை.

"யாரு? செருப்பு சத்தம் நம்மூரு ஆளாட்டம் இல்லியே" என்றார்.

"கள்ளக்குறிச்சியிலேர்ந்து வர்றேன், அண்ணி." அவரை அண்ணே என்று கூப்பிட்ட பழக்கத்தில் இது தானாக வந்துவிட்டது. "அண்ணன் இத்த குடுக்கச் சொன்னாரு."

கவரை வாங்கி முகர்ந்தார். ஒரு பிஸ்கட்டை எடுத்து விரலால் தடவினார். "நமுத்துப் போச்சு. எத்தினி நாளா வச்சிகினு இருந்தாரு?" என்று கேட்டார். "நல்லாகீறாரா?"

"நல்லாகீறாரு. காலு கொஞ்சம் தேவல."

"அப்பறம் ஏன் வரல?"

அண்ணன் சொல்லி அனுப்பியதைச் சொல்ல வாயைத் திறந்தேன். "ரோடு..." என்று தொடங்கும்போதே கீழே ஹார்ன் சத்தம் கேட்டது. பஸ் வந்து நின்று, ஆள் இறங்கி, புறப்பட்டுப் போகிற சத்தம் எல்லாம் தெளிவாகக் கேட்டது.

"பன்னண்டு மணி வண்டி" என்றார் அவர். "தெனமும் கேக்கறேன். அவரு போன புதுசுல, இந்த வண்டி நின்னா நானும் எந்திரிச்சு நிப்பேன். பேரப் புள்ளைங்க சிரிக்கும். இப்ப நிக்கறதில்ல. பையன கேட்டா, அப்பாவுக்கு அங்கியே புடிச்சுப்போச்சு, வரமாட்டேங்கறாருன்றான். டவுனு சோறு. கட்டிலு. ஃபேனு. இங்க இன்னா கீது, குருட்டுப் பொம்பள." கல்லை எடுத்து ஒரு கடுக்காயைத் தட்டினார். "பரவால்ல. ஆனா அவரே வந்து சொல்லியிருக்கலாம்."

நான்கு மாதமாக நான் ஒரு பக்கம்தான் பொய் சொல்கிறேன் என்று நினைத்திருந்தேன். அதற்கு இந்தப் பக்கமும் ஒரு முனை இருந்தது. அவர் அங்கே ரோட்டை நம்பி உட்கார்ந்திருக்கிறார். இவர் இங்கே பஸ் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, அவர் தன்னை விட்டுவிட்டார் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்.

முகம் பார்த்துப் பேச வராதவனுக்கு, என்னைப் பார்க்க முடியாத ஒரு முகத்தின் முன்னால் பேச்சு வந்தது. "அவரு வரமாட்டேங்கல, அண்ணி. தெனமும் மூட்ட கட்டிகினு கேட்டாண்ட வந்து நிக்கறாரு. நாங்க வுடல. உங்க பையன் கையெழுத்து வோணும். நான்தான் மண்ணு சரிஞ்சிட்டுதுன்னு பொய் சொல்லி உக்கார வச்சிருக்கேன். நான்தான் பூட்டி வச்சிருக்கேன். சாவி எங்கிட்டதான்..."

சொல்லும்போதே கை இடுப்புக்குப் போனது. சாவி அங்கே இருந்தது.

பெண்கள் பக்கமும் சேர்த்து இருபது பேருக்கு மேல், ஒரு கேட்டு, பூட்டு. சாவி மலை மேல்.

"எங்க, குடு" என்று அந்த அம்மாள் கையை நீட்டினார். அவிழ்த்துக் கொடுத்தேன். பிஸ்கட்டைத் தடவியது போலவே அதன் பல்லையும் தலையையும் தடவினார். "இம்மாந்தூண்டா?" என்றார். கோபப்படவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். சாவியை என் பக்கம் நீட்டினார். "நீயே வச்சிக்க. நீதான தொறக்கணும். அவராண்ட சொல்லு, நாளையிலேர்ந்து பன்னண்டு மணிக்கு மறுபடி எந்திரிச்சு நிக்கறேன்னு."

வெள்ளிமலைக்கு வந்ததும் போனில் சிக்னல் கிடைத்தது. அக்கா பதினான்கு தரம் கூப்பிட்டிருந்தார். "யோவ், எங்கியா கீற? எங்கள ஜெயில்ல போட்டுட்டு சாவிய எடுத்துகினு ஊரு சுத்தறியா?" என்று கத்தினார். சாரிடம் இன்னொரு சாவி உண்டு. அவர் ஆத்தூரில் கல்யாணத்துக்குப் போயிருந்தார். காய்கறியைச் சுவருக்கு மேலே வாங்கிக்கொண்டார்களாம். கேஸ் சிலிண்டர் வந்து திரும்பிப் போய்விட்டதாம்.

பொழுது சாய்கிற நேரத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது சாரும் வந்து இறங்கினார். நடக்க முடிந்தவர்கள் எல்லாரும் கேட்டுக்கு உள்ளே வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். பண்டம் வாங்கி வந்தவனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்கள். "ஒரு நெருப்பு பத்திகினா இன்னா பண்ணியிருப்பே?" என்று சார் கேட்டார். போகச் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். ஒரு நிமிஷம் அது நிம்மதியாகக் கூட இருந்தது. "வேற ஆளு கெடைக்க மாட்டேங்குது, அதனால வுடறேன். போய் எல்லாருக்கும் துணி மாத்து" என்றார்.

பெரியவர் தன் கட்டிலில் காத்திருந்தார். "பாத்தியா அவள? எந்த மடக்கு நடந்து தாண்டுன?"

"எல்லா மடக்கும் நல்லாத்தான் இருக்குதுண்ணே" என்றேன். "பன்னண்டு மணி வண்டி தெனமும் போவுது. ஐப்பசியில மூணு நாளு நின்னதோட சரி. மத்ததெல்லாம் நான் சொன்ன பொய்." கையெழுத்தைப் பற்றியும் சொன்னேன். அண்ணி எழுந்து நிற்கிறேன் என்று சொல்லச் சொன்னதையும் சொன்னேன்.

"அந்தக் கடுக்கா மரத்து மடக்கு அன்னிக்கே தெரியும்" என்றார். "கேட்டா நீ இன்னா சொல்லுவியோன்னு பயந்து கேக்கல." பிறகு, "அப்ப ரோடு இல்ல, நீதானா" என்றார். கட்டு மாற்றும்போது காலை மட்டும் நீட்டினார்.

சார் அந்த வாரமே மகனுக்குப் போன் செய்தார். நான் ஆபீஸ் வாசலில் நின்று, செய்யுங்க சார், செய்யுங்க சார் என்று மூன்று நாள் கேட்டேன். என் வாழ்க்கையில் ஒரு விஷயத்தை மூன்று நாள் கேட்டது அதுதான் முதல் தரம். மிளகு எடுப்பு முடிந்ததும் வந்து கையெழுத்துப் போடுகிறேன் என்று மகன் சொன்னாராம். மிளகு எடுப்பு முடிந்துவிட்டது. அடுத்து ஏலக்காய் வேலை என்கிறார். நடுவில் ஒருநாள் மகள் வந்து பார்த்துவிட்டு அழுதுவிட்டுப் போனார். சேர்த்தவர் மகன்தான், மகள் கையெழுத்து செல்லாது என்றார் சார்.

பெரியவர் இப்போது டம்ளரால் அடிப்பதில்லை. காலையில் குளித்ததும் மூட்டையோடு கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருகிறார். பால்காரருக்கு நான் கேட்டைத் திறந்தால் எழுந்து நிற்கிறார். பூட்டினால் உட்காருகிறார். காய்கறி ஆட்டோவுக்குத் திறந்தால் மறுபடி எழுந்து நிற்கிறார். வெளியே கால் வைப்பதில்லை, என்னை ஒன்றும் கேட்பதும் இல்லை. முன்பு எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மண்ணும் பாறையும் கிடந்தன. இப்போது என் இடுப்பில் இருப்பது மட்டும்தான். நானும் பகலில் ஒரு பத்து தரமாவது அவர் எதிரே அதை அவிழ்த்துக் கட்ட வேண்டியிருக்கிறது.

பத்து மணிக்கு மேல் அவர் முணுமுணுக்கத் தொடங்குவார். "இப்ப மலையடிவாரம் வந்திருப்பான்." கொஞ்ச நேரம் கழித்து, "கூழு கொட்டன மடக்கு." பிறகு, "கடுக்கா மரம் தாண்டிட்டான்." பன்னிரண்டாகும்போது, "நின்னுட்டான். இந்நேரம் அவ எந்திரிச்சிருப்பா" என்று சொல்லி, நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு அவரும் எழுந்து நிற்பார்.

சரியாகப் பன்னிரண்டுக்கு நான் சாப்பாட்டு மணி அடிக்க வேண்டும். அடித்தால் அவரை உள்ளே கூட்டிப் போக வேண்டும். இப்போது ஐந்து நிமிஷம் தள்ளி அடிக்கிறேன். அக்கா சோற்றுக் குண்டானோடு நின்று முறைக்கிறார். இதுவரை என்னால் முடிந்தது அவ்வளவுதான்.